மதகிலிருந்து பத்தொன்பது அடி

அக்கா,

இன்று காலை ஏரிக்கரையில் பெயிண்ட் வாசனை. கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் சுற்றுச்சுவரில் பறவைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். நாமக்கோழி, நீர்க்காகம், ஒரு மீன்கொத்தி. மீன்கொத்திக்கு அலகு கொஞ்சம் நீண்டுவிட்டது. இத்தனை வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்த பழக்கத்தில் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, வாக்கிங் வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கறோம். இந்த ஏரியில உங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கா? ஒரே ஒரு இடம்?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை நான் கேட்டுக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. உங்களிடமும் கேட்டேன். "அப்புறம் சொல்றேம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகும் பெயிண்ட் வாசனை மூக்கிலேயே நின்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நேரில் சொல்லாததை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

நம் பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். பால்கனியில் நின்றால் அயனம்பாக்கம் ஏரி முழுசாகத் தெரியும் என்றுதான் நாங்கள் இந்த வீட்டை வாங்கினோம். ஆனால் எங்கள் குடியிருப்பில் கரைக்கு இறங்கிப் போகிறவர்கள் மிகவும் குறைவு. கரை ஓரமாகக் குப்பை விழ ஆரம்பித்திருந்தது. ஏரியைத் தன்னுடையது என்று நினைக்கிறவர்கள் அதில் குப்பை போட மாட்டார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டேன். பெரிய காடாத் துணியில் ஏரியின் படத்தை வரைந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கரையில் விரித்து வைப்போம். போகிற வருகிறவர்கள் ஏரியில் தங்களுக்கென்று இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே ஒரு சின்னப் படம் போட வேண்டும். வரையத் தெரியாதவர்களுக்கு நான் கை கொடுப்பேன். அவ்வளவுதான் திட்டம்.

இரண்டாவது ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். ரப்பர் செருப்பு, நைட்டிக்கு மேல் துண்டு, கையில் இரண்டு பால் பாக்கெட். வெகுநேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கரைக்கு வந்த யாரோ என்னை டீச்சர் என்று கூப்பிட்டதைக் கேட்டிருப்பீர்கள் போல.

"இன்னா டீச்சர் இது? ஏரின்னு சொல்லிட்டு ஊட்டு மேல கீற தண்ணித் தொட்டிய வரைஞ்சி வெச்சிகீறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

"ஏன், என்ன குறை?"

"மதகு எங்க? மழ பேஞ்சா தண்ணி வழியற கலங்கல் எங்க? தண்ணி வர்றதுக்கு ஒரு வழி, போறதுக்கு ஒரு வழி வேணாமா? சும்மா நீலத்த ஊத்தி வெச்சா அது ஏரியா?"

நான்கு வருடமாகப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஏரியில் மதகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் குந்தி உட்கார்ந்து விரலால் காட்டினீர்கள். அப்படியே துணியின் ஓரத்தைப் புரட்டி, நான் கையால் போட்டிருந்த இணைப்புத் தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்கள்.

"ஒரு தபா தொவைச்சா இது பிரிஞ்சிகினு வந்துரும். குடுங்க, நான் மெஷின்ல போட்டு எடுத்துகினு வரேன்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் பதினாறு வருடம் தையல் வேலை பார்த்தவர் நீங்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கம்பெனி ஊரை விட்டுப் போன பிறகு வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிறு துணி வந்தபோது இணைப்பு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அன்றிலிருந்து அந்தத் துணி நம் இரண்டு பேருடையது ஆனது. ஒவ்வொருவர் வரைந்த படத்தைச் சுற்றியும் நூலால் ஓடுதையல் போடலாம், வண்ணம் மங்கினாலும் இடம் மங்காது என்று சொன்னதும் நீங்கள்தான். வார நாட்களில் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். ஹாலில் துணியை விரித்து, ஒரு முனையில் நீங்களும் மறுமுனையில் நானும். உங்களுக்குச் சர்க்கரை போடாத காப்பி. ஒரு மாதத்துக்குள் நான் உங்களுக்கு "நீ" ஆகிவிட்டேன். என்னைவிட நீங்கள் நாலைந்து வயது மூத்தவர். பள்ளியிலும் குடியிருப்பிலும் எல்லோருக்கும் மேடமாக இருந்த எனக்கு, "இன்னா டீச்சர், இன்னிக்கு ஒரு மாதிரியா கீற?" என்று யாராவது கேட்பது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு பையன், ஐ.டி. வேலை பார்க்கிறவன், கரையில் இருந்த புங்கமரத்தடியை வரைந்தான். வேலை போய்விட்டது என்ற போன் அவனுக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது வந்ததாம். ஒரு அம்மாள் ஐம்பது வயதில் ஸ்கூட்டர் ஓட்டப் பழகி விழுந்த வளைவைப் போட்டார். ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, ஏரித் தண்ணீர் பாய்ந்த தன் நிலத்தைக் கட்டம் கட்டமாக வரைந்தார். இப்போது அங்கே கார் ஷோரூம். அவர் முடிக்கும் வரை பொறுமையாக நின்றிருந்த நீங்கள் என் காதருகே குனிந்து, ஆனால் அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "நெலம் அவருது. நாத்து நட்ட கை எங்க மாமியாருது. ரெண்டயும் போடு டீச்சர்." பெரியவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். "போடும்மா, போடு. உள்ளதுதானே" என்றார் அவர். கட்டத்துக்குள் நான்கு பெண்களைக் குனிந்த முதுகோடு நான் வரைந்தேன். நீங்கள் அதைச் சுற்றிப் பச்சை நூல் ஓட்டினீர்கள்.

இன்னொரு நாள், உங்கள் காலனி வீடுகளில் கழிப்பறை வருவதற்கு முன் பெண்கள் விடிவதற்குள் ஒதுங்கிய இடத்தையும் குறிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். நான் நெளிந்தேன்.

"அது எதுக்குக்கா?"

"எதுக்கா? பாம்புக்கு பயந்துகினு, ஆம்பளைக்கு பயந்துகினு எத்தினி வருசம் போனோம். பறவ வந்த எடம்லாம் போடற, நாங்க வந்த எடம் போட மாட்டியா?"

அந்தக் காலத்தில் ஏரி எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று யாராவது பெருமூச்சு விட்டால் உங்களுக்குப் பிடிக்காது. கொசுவும் சேறும்தான் என்பீர்கள். கடைசியில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சொம்பு வரைந்தோம். பார்த்தவர்கள் அதைப் பூச்சாடி என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

எல்லோருடைய இடத்தையும் தைத்த நீங்கள் உங்கள் இடத்தை மட்டும் போடவில்லை. கேட்டால், "போடலாம், போடலாம்" என்று நழுவுவீர்கள். தினமும் காலையில் நீங்கள் கரையில் நடப்பதை நான் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். மதகு வரைக்கும் போவீர்கள். கொஞ்சம் தள்ளி நிற்பீர்கள். திரும்பிவிடுவீர்கள். சர்க்கரைக்காக நடக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் காப்பி போட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் மெல்லிய தூரிகையை எடுத்து மதகுக்குப் பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தீர்கள். மஞ்சளில் ஒரு தூளி. உள்ளே ஒன்றும் இல்லை. கோணலாக இருந்தது. நான் திருத்தக் கையை நீட்டினேன். "உடு. அப்டியே இருக்கட்டும்" என்றீர்கள்.

பிறகு தலையைத் தூக்காமலே சொன்னீர்கள். முதலில் உங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் பாலுக்கு எழுப்பியபோது எழவில்லை. மாமனாரும் வீட்டுக்காரரும் உங்கள் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வரக்கூடாது என்று உங்களை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். எங்கே வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துக் கொழுந்தனிடம் கெஞ்சிக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்.

"மூணாவது பனமரத்தாண்டன்னான். அப்புறம் பனமரத்த வெட்டிட்டானுங்க. அதனால மதகுக் கல்லுல இருந்து அடி வெச்சி எண்ணி வெச்சிகினேன். பத்தொம்போது அடி. எவன் எத வெட்டுனாலும் மதகுக் கல்ல எடுத்துகினு போவ மாட்டான் இல்ல?"

"அதுக்குத்தான் தினமும் போறீங்களா?"

"வாக்கிங்னு நெனச்சியா?" என்று லேசாகச் சிரித்தீர்கள். "எம் பொண்ணுக்கே தெரியாது டீச்சர். அவளுக்கு முன்னால ஒருத்தி இருந்தான்னு சொன்னதே இல்ல. ஊட்ல அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. சொல்லணும். இத காட்டிகினே சொல்லிடலாம்னு தோணுது."

காப்பி ஆறிவிட்டது. இரண்டு பேரும் ஆறிய காப்பியையே குடித்தோம். சுற்றித் தையல் போடட்டுமா என்று கேட்டேன். காயட்டும், அப்புறம் நானே போடுகிறேன் என்றீர்கள்.

அடுத்த வாரம் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் துணியைத் தொங்கவிட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. ஏரிக்கரையில் நடைபாதை போடப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் வந்திருந்தது. அதற்கான அதிகாரிகளும் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் மாலை எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் துணியைப் பார்க்க வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மெதுவாகப் பேசுகிறவர். ஒவ்வொரு படத்தையும் விசாரித்துப் பாராட்டிக்கொண்டே வந்தார். தூளிக்கு முன்னால் நின்றார். உங்கள் மகளுக்கே சொல்லாத விஷயத்தை நான் அவரிடம் சொல்லிவிட்டேன், அக்கா. அதுதான் நான் செய்த முதல் தப்பு. கேட்டார், சொன்னேன். துணியின் பெருமையில் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. "பாவம்தான் மேடம். ஆனா குழந்தையைப் புதைச்ச இடம்னு தெரிஞ்சா அப்புறம் அங்க யாரு வாக்கிங் போவாங்க? அதிகாரிங்க வேற வராங்க. இடுகாடு பிரச்சினைன்னு ஃபைல்ல எழுதிட்டா நடைபாதையே நின்னுடும். அவங்ககிட்ட நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்களேன்."

சொல்கிறேன் என்றேன். உங்கள் வீடு ஐந்து நிமிட நடை. வாசல் வரைக்கும் வந்து செருப்பை மாட்டினேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அவரிடம் போய் முடியாது என்று சொல்லவும் தைரியம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் யாரும் வருவதற்கு முன்னால் பச்சையைக் கலந்தேன். அந்த இடத்துக் கோரையின் நிறம் சரியாக வர வேண்டும் என்று கொஞ்சம் பழுப்பும் சேர்த்தேன். மஞ்சள் கீழே தெரியாமல் இருக்கக் கனமாகப் பூச வேண்டியிருந்தது. மேலே நாலு கோரைப்புல் இழுத்தேன். தூர நின்று பார்த்தேன். எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் திருப்திகூடப் பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

விழா முடிந்ததும் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் முதல் ஆளாக வந்தீர்கள். மாம்பழ நிறப் பட்டுப் புடவை, தலையில் பூ. கூடவே உங்கள் மகள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "வா, ஒண்ணு காட்டறேன்" என்று அவள் கையைப் பிடித்து நேராக மதகுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் நாற்காலிகளை நேராக்குவது போல் நின்றிருந்தேன்.

உங்கள் விரல் மதகில் இருந்து மெதுவாக நகர்ந்தது. நின்றது. மறுபடி மதகுக்குப் போய் மறுபடி நகர்ந்தது.

"டீச்சர், இங்க ஒண்ணு இருந்துச்சே?"

உங்கள் மகள் என்னைப் பார்த்தாள். செயலாளர் வாசலில் மாலையோடு நின்றிருந்தார்.

"பெயிண்ட் உதிர்ந்திருக்கும்க்கா" என்றேன்.

மழைக்காலம். ஈரக் காற்று. கனமாகப் பூசிய பச்சை காய்ந்திருக்கவில்லை. நீங்கள் விரலை எடுத்துப் பார்த்தீர்கள். நுனியில் பச்சை. அதைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்தது ஒரு நொடிதான்.

"சரிங்க டீச்சர்" என்றீர்கள்.

"இன்னாம்மா காட்டறேன்ன?" என்று உங்கள் மகள் கேட்டாள். "ஒண்ணுமில்ல, இதெல்லாம் நான் தைச்சது. அதான் காட்டலாம்னு" என்றீர்கள். அவள் உங்கள் தையலைத் தடவிப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னாள். அதிகாரிகள் வருவதற்குள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டீர்கள். திட்டியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கலாம். அந்தச் "சரிங்க" என்பதோடு விட்டுவிட்டீர்கள்.

இன்னொரு வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது, அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன். வந்த அதிகாரிகளில் ஒரு இளம் பொறியாளர் துணியை வெகுநேரம் பார்த்தார். போனில் பகுதி பகுதியாகப் படம் எடுத்துக்கொண்டார். "மேடம், பாதைக்குக் கோடு போடும்போது இதைப் பக்கத்துல வெச்சுக்கறேன். நீங்க குறிச்சிருக்கிற இடத்தை எல்லாம் முடிஞ்ச வரைக்கும் தொடாம போறோம். இதுல விட்டுப்போனது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். செயலாளர் என் பக்கத்தில் நின்றிருந்தார். "இல்லை" என்றேன்.

பொறியாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நடைபாதை புங்கமரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஸ்கூட்டர் அம்மாளின் வளைவு வளைவாகவே இருக்கிறது. சொம்பு வரைந்த இடத்தில்கூடப் பூச்சாடி என்று நினைத்து நாலு அரளிச் செடி வைத்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் துணி பச்சையாக இருந்ததால் அங்கே மண்ணை வெட்டிச் சமன் செய்து, நடைபாதைச் சிமெண்ட் கட்டைகள் பதித்து, ஒரு சிமெண்ட் பெஞ்சும் போட்டார்கள். மண்வெட்டும் இயந்திரம் வந்த காலை நான் பால்கனியில் நின்றிருந்தேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள். இயந்திரம் ஓட்டியவரிடம் ஏதோ பேசினீர்கள். அவர் கையை விரித்தார். நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, வேலை முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இரண்டு மாடி இறங்கி வரவில்லை.

அதன் பிறகு உங்களை ஒரே ஒரு தடவைதான் நேருக்கு நேர் பார்த்தேன். வேலப்பன்சாவடி பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தீர்கள். ரொம்ப மெலிந்து போயிருந்தீர்கள். கையில் மருந்துப் பை. "நல்லா கீறீங்களா டீச்சர்?" என்று நீங்களே கேட்டீர்கள். நான், "அக்கா, அன்னிக்கு மண்டபத்துல..." என்று ஆரம்பித்தேன். ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் இடம் இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஏறியிருக்கலாம். நான் போக வேண்டிய திசையும் அதுதான். "அப்புறம் பார்க்கலாம்க்கா" என்று கையை ஆட்டினேன்.

நீங்கள் போன செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. சிறுநீரகம் கெட்டுப்போய் இரண்டு மாதம் படுக்கையில் இருந்தீர்களாம். காலனிக்கு வந்தேன். நான் அங்கே வருவது அதுதான் முதல் தடவை என்று படியேறும்போது உறைத்தது. நீங்கள் என் வீட்டுக்கு எத்தனை மத்தியானம் வந்திருப்பீர்கள். உங்கள் தையல் மெஷின் ஜன்னலோரம் துணி போட்டு மூடியிருந்தது. உங்கள் மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மண்டபத்துக்கு அம்மா என்னை எதயோ காட்டறேன்னு கூட்டினு வந்தாங்க. லீவு போட்டே ஆவணும்னாங்க. அப்புறம் எத்தினியோ தபா கேட்டுட்டேன், ஒண்ணுமில்லன்னே சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லலாமா என்று உங்களைக் கேட்க வழி இல்லை. சொல்ல வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, "செருப்பு போட்டுக்கிட்டு வாம்மா" என்றேன்.

மதகுக் கல் இப்போதும் இருக்கிறது. அங்கே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தூளியை. பதினோரு நாளை. அவள் மதகுக் கல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு கல்லுக்குக் குதிகாலை ஒட்டி வைத்து எண்ண ஆரம்பித்தாள். உங்கள் நடைதான் அவளுக்கும். பத்தொன்பதாவது அடி சிமெண்ட் பெஞ்சுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்தது. பாதைக் கட்டைமேல் நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாளா?" என்றாள். பிறகு, "பேரு வெச்சாங்களா?"

"அம்மா சொல்லலம்மா."

அப்போதும் ஒன்று மிச்சம் இருந்தது. பச்சையைப் பற்றிச் சொன்னேன். உதிர்ந்திருக்கும் என்று சொன்ன பொய்யையும், பொறியாளர் கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். துணி மண்டபத்தில்தான் இருக்கிறது, அதே இடத்தில் மறுபடியும் வரைந்துவிடுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம் ஆன்ட்டி. அம்மா கையால போட்டது அது. நீங்க போட்டா அது வேறதான்."

அது சரிதான்.

கிளம்பும்போது அவளாகவே சொன்னாள். "அம்மாவுக்கு அப்பவே தெரியும். அன்னிக்கு ஊட்டுக்கு வந்து தேங்கா எண்ணெய வெச்சி வெரல தேய்ச்சிகினே இருந்தாங்க. இன்னாம்மா பச்சைன்னு கேட்டேன். பெயிண்டுன்னாங்க. டீச்சர்கூட சண்டையான்னு கேட்டேன். 'அதெல்லாம் இல்ல. டீச்சர் நல்லவங்கதான். பயந்துட்டாங்க'ன்னாங்க. அவ்ளோதான். அப்புறம் உங்களப் பத்திப் பேசுனதே இல்ல."

அக்கா, நீங்கள் என்னைப் பற்றிச் சொன்ன இந்த மூன்று சொற்களைவிடச் சரியாக யாரும் என்னைச் சொன்னதில்லை. கோபத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது காரணம் தேடியிருப்பேன். அதிகாரிகள், நடைபாதை, குழந்தைகள் பார்ப்பார்கள் என்று. பயந்துட்டாங்க என்பதற்கு என்ன காரணம் சொல்ல?

போன மாதம் எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. ஏரிக்கரைக்கு எங்கள் பக்கத்திலும் காலனிப் பக்கத்திலும் இரும்புக் கதவு போட்டு, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கலாம் என்றார்கள். காலனிக்காரர்கள் கண்ட நேரத்தில் வந்து உட்காருகிறார்கள், பாதுகாப்பு இல்லை என்றார்கள். கை தூக்கச் சொன்னார்கள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் போனை எடுத்துப் பார்ப்பேன். அன்றைக்கு எழுந்து நின்றேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கரையில் நமக்கு முன்னால் அவர்களுக்கு இடம் இருக்கிறது, எப்போது வர வேண்டும் என்று சொல்ல நாம் யார் என்று கேட்டேன். ஏதோ நன்றாகப் பேசியதாக நினைக்க வேண்டாம். பாதியில் வார்த்தை வரவில்லை. செயலாளர் ஆச்சரியமாகப் பார்த்தார். பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் கதவு வந்தாலும் வரும்.

இதைச் சொல்லி உங்களிடம் மன்னிப்பு வாங்கலாம் என்று எழுதவில்லை. மண்டபத்தில் நீங்கள் என்னைக் கேட்ட அந்தக் காலையில் நான் இப்படி எழுந்து நின்றிருக்க வேண்டும். நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தேன். பயம் எனக்கு இன்னும் போகவில்லை, அக்கா. அது வரும்போதெல்லாம் கூடவே உங்கள் சொல்லும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இனிமேல் எழுந்து நிற்க வேண்டும்.